வரிசை போச்சு... தரகர் போனாரா?

இந்தியாவைச் சுற்றிப் பார்க்க வர்றவங்க விசாவுக்காகத் தூதரக வாசலில் நிக்க வேண்டாம்னு 2014 நவம்பரில் இணைய விசா வந்துச்சு. முதலில் 43 நாட்டுக்காரங்களுக்கு, 9 விமான நிலையங்களில். அதில் நம்ம சென்னையும் ஒண்ணு. நல்ல விஷயம்தான்!

ஆனா சிங்கப்பூர்க் குடிமகனான எங்க பெரியப்பா போன தடவை ஏமாந்துட்டார். தேடினப்போ முதலில் வந்த தளத்தைத் திறந்து பணம் கட்டினார். அசோகச் சின்னம் மாதிரி ஒரு படம், அரசுத் தளம் மாதிரியே பேர். விசா என்னவோ வந்துச்சு, அரசுக் கட்டணத்துக்கு மேல 'சேவை'க்குன்னு தனியா ஒரு தொகையும் போச்சு. பணம் போனாக்கூடப் பரவாயில்லைங்க, பாஸ்போர்ட் நகல் யார்கிட்ட இருக்கோ?

"படிச்சவர் பார்க்க வேண்டாமா?"ன்னு வீட்டில் எல்லாரும் கேட்டாங்க. நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன். அரசுப் படிவம் அப்பா அம்மா பிறந்த ஊர் வரைக்கும் கேட்டு நீண்டுகிட்டே போகுது. தரகர் தளமோ நாலே கேள்வியில் முடிக்குது. படிவத்தை எளிமையாக்கினாலே பாதித் தரகர் காணாமப் போயிடுவாங்க.

அதுவரைக்கும் ஒண்ணு செய்யுங்க. பணம் கட்டுறதுக்கு முன்னாடி, தளத்தோட பேர் 'கவ் டாட் இன்'னு முடியுதான்னு பாருங்க. வெளிநாட்டுச் சொந்தக்காரங்களுக்கும் சொல்லி வைங்க!