நாலு மணிக்கு உறுமும் பஸ்

கார்த்திகை பிறந்துவிட்டால் பெங்களூரில் தமிழர்கள் செறிந்து வாழும் பகுதிகளில் சேவலுக்கு வேலையில்லை. ஸ்ரீராமபுரம், அல்சூர், சிவாஜிநகர் பக்கத்துக் குறுகிய தெருக்களில் சபரிமலைக்குப் புறப்படும் பஸ்களும் வேன்களும் விடியற்காலை மூன்றரை, நாலு மணிக்கே உறுமத் தொடங்கிவிடுகின்றன. மார்கழியிலும் தையிலும் மேல்மருவத்தூர் செல்லும் பஸ்கள் சேர்ந்துகொள்கின்றன. பத்து நிமிடம், இருபது நிமிடம், சில நாட்களில் முக்கால் மணி நேரம்கூட வண்டி நின்ற இடத்திலேயே நிற்கிறது. இன்ஜின் மட்டும் ஓடுகிறது. பக்தர்கள் காரியம் ஆயிற்றே என்று அக்கம்பக்கத்தார் பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. யாராவது ஒருவர் துணிந்து ஜன்னலைத் திறந்து கேட்டால், "இன்ஜின் சூடாக வேண்டாமா, சார்?" என்று பதில் வருகிறது.

இந்தப் பதிலில் பாதி உண்மை இருக்கிறது. பழைய டீசல் இன்ஜின்கள் குளிரில் இருமிக்கொண்டே கிளம்பும். சற்று சூடேறாமல் சுமை இழுக்காது. அந்தக் காலத்து டிரைவர்கள் கற்ற பாடம் அது. பிள்ளைகளுக்கும் கிளீனர்களுக்கும் அதையே கற்றுக் கொடுத்தார்கள். வண்டிகள் மாறிவிட்டன; பாடம் மாறவில்லை. 2020 ஏப்ரலுக்குப் பிறகு பாரத் ஸ்டேஜ் 6 விதிப்படி வந்துள்ள வண்டிகளில் எரிபொருள் எவ்வளவு வேண்டும் என்பதை மின்னணுக் கருவியே கணக்கிட்டுக்கொள்கிறது. ஆயில் எல்லா இடத்துக்கும் ஏற ஒரு நிமிடம், மிஞ்சினால் இரண்டு நிமிடம் போதும். பிறகு முதல் சில கிலோமீட்டர் நிதானமாக ஓட்டினால் இன்ஜின் தானாகவே சூடேறுகிறது. நின்றபடி ஓடுவதைவிடச் சீக்கிரமாகவே ஏறுகிறது. குளிர்ந்த ஆயிலோடு ஆக்சிலேட்டரை ஓங்கி மிதிப்பதுதான் இன்ஜினுக்குக் கெடுதல். புகைக்கரியை வடிகட்டும் அமைப்பு உள்ள புது வண்டிகளில், நின்றபடியே நெடுநேரம் ஓடவிட்டால் கரி அடைத்துக்கொள்ளும் தொல்லையும் உண்டு.

குளிர் என்று சொன்னால் லடாக்கைச் சொல்ல வேண்டும். அங்கே டீசலே உறைந்துபோகும் என்பதால் மைனஸ் 33 டிகிரியிலும் உறையாத தனி டீசலை இந்தியன் ஆயில் நிறுவனம் 2019-ல் கொண்டுவந்தது. பெங்களூரில் மார்கழி விடியலில் 15 டிகிரி இருந்தாலே மங்க்கி குல்லா வெளியே வந்துவிடும். மனிதனுக்கு அது குளிராக இருக்கலாம், இன்ஜினுக்கு அல்ல.

இன்னொரு காரணம் சொல்வார்கள். அது நியாயமான காரணம். பெரிய பஸ்களில் பிரேக் காற்றழுத்தத்தால் இயங்குவது. தொட்டியில் போதிய காற்று ஏறாமல் நிறுத்து பிரேக் விடுபடாது. விடுபடாமல் நகரவும் கூடாது. அதில் யாரும் அவசரப்படுத்தக்கூடாது. ஆனால் ஒழுங்காகப் பராமரித்த வண்டியில் முந்தின இரவு ஏறிய காற்றில் பெரும்பகுதி காலையிலும் இருக்கும். மீதி சில நிமிடங்களில் ஏறிவிடும். நாள்தோறும் கால் மணி நேரம் உறுமினால்தான் காற்று ஏறுகிறது என்றால் எங்கோ கசிவு இருக்கிறது என்று பொருள். அந்த வண்டி போகவேண்டிய இடம் மலைப்பாதையன்று, மெக்கானிக் ஷெட். எரிமேலி வழியாக மலைப்பாதையில் ஐம்பது பேரை ஏற்றிச் செல்லும் பஸ்ஸில் பிரேக் காற்று கசிவதைத் தெருவார் தூக்கத்தைக் கெடுத்து மூடிமறைப்பது எந்த ஊர் நியாயம்?

உண்மையில் பெரும்பாலான இடங்களில் இன்ஜின் ஓடுவது சூட்டுக்காகவும் அல்ல, காற்றுக்காகவும் அல்ல. ஆட்களைக் கூப்பிடுவதற்காக! நாலு மணிக்குப் புறப்பாடு என்று குருசாமி சொல்லியிருப்பார். நாலு மணிக்கு வந்து நிற்பவர் டிரைவர் ஒருவரே. ஒருவர் குளித்துக்கொண்டிருப்பார், ஒருவர் வீட்டில் இருமுடியை எடுத்துவர மறந்த துண்டுக்காகத் திரும்பி ஓடுவார், இன்னொருவருக்குப் பால் வந்தால்தான் காப்பி. ஆகவே டிரைவர் இன்ஜினை முடுக்குகிறார். அசையாவிட்டால் ஆக்சிலேட்டர். அதற்கும் அசையாவிட்டால் ஹாரன். பூஜைமணி அடிப்பதுபோல ஒரு நூறு குதிரைத் திறன் இயந்திரத்தை அடிக்கிறோமே என்ற எண்ணம் யாருக்கும் இல்லை. இதில் டிரைவரை மட்டும் குற்றம் சொல்வது சரியல்ல. சரியாக உறங்காமல் வந்தவர் அவர். தெருவில் இழந்த ஒரு மணி நேரத்தை நெடுஞ்சாலையில் ஈடுகட்டச் சொல்லி அவரைத்தான் விரட்டுவார்கள்.

சட்டம் இதில் மௌனமாக இல்லை. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணிவரை இரவு நேரம். குடியிருப்புப் பகுதியில் அப்போது 45 டெசிபலுக்கு மேல் ஒலி இருக்கலாகாது. நெருங்கி நின்று உறுமும் டீசல் பஸ் எழுபதைச் சுலபமாகத் தாண்டும். குடியிருப்புகளில் இரவில் ஹாரன் அடிப்பதற்கும் 2010 திருத்தத்தின்படி தடை உண்டு. பொது ஆபத்து நேர்ந்தால் மட்டுமே விலக்கு. உச்ச நீதிமன்றம் 2005-ல் இரைச்சலின்றி அமைதியாக வாழ்வதையும் வாழ்வுரிமையின் பகுதியாகவே கொண்டது. டிரைவர் இன்ஜினை ஓடவிட்டு டீ குடிக்கப் போவதும் குற்றமே: 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 126-ஆம் பிரிவு, பொது இடத்தில் வண்டி நின்றால் ஓட்டுநர் உரிமம் உள்ளவர் ஆசனத்தில் இருக்கவேண்டும், அல்லது இன்ஜினை நிறுத்திப் பிரேக் போட்டிருக்கவேண்டும் என்கிறது. ஆனால் சாமிமார்களின் பஸ்மீது போலீசில் புகார் கொடுக்கப் போகும் வீட்டுக்காரர் எத்தனை பேர்? அந்தத் தயக்கத்தைப் புறப்படுவோர் சாதகமாக்கிக்கொள்வது அழகல்ல.

அந்தச் சுவருக்கு அப்பால் யார் இருக்கிறார்கள் என்பதையும் எண்ணவேண்டும். இரவுப்பணி முடித்து இரண்டு மணிக்குப் படுத்தவர் இருக்கலாம். அழுது ஓய்ந்து இப்போதுதான் கண்ணயர்ந்த குழந்தை இருக்கலாம். இளைப்பு நோயுள்ள கிழவர் இருக்கலாம். அவருக்கு இரைச்சலைவிடப் புகைதான் பகை. டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2012-லேயே அறிவித்துவிட்டது. பத்தடி அகலத் தெருவில் அந்தப் புகைக்கு வீட்டுக்குள்ளே தவிர வேறு போக்கிடம் இல்லை. அந்த வீடுகளில் தமிழர் மட்டுமா இருக்கிறார்கள்? கன்னடர், தெலுங்கர், உருது பேசுவோர் எல்லோரும் கலந்து வாழும் தெருக்கள் இவை. மறுநாள் காலை குழாயடியில் முகம் கொடுத்துப் பேசவேண்டியவர்கள்.

செய்யவேண்டியது அதிகமில்லை. பஸ்ஸை முந்தின மாலையே மெயின் ரோட்டில், புறப்படும் திசை பார்த்து நிறுத்திவிட்டால் விடியலில் பின்னோக்கி எடுக்கவேண்டியதில்லை. சினிமாப் பாட்டு ஒலிக்கும் ரிவர்ஸ் ஹாரனும் வேண்டியதில்லை. ஆயில், தண்ணீர், டயர் எல்லாம் மாலை வெளிச்சத்தில் பார்த்துவிடலாம். மூட்டைகளை இரவே ஏற்றிவிடலாம். காலையில் எல்லோரும் ஏறி அமர்ந்து, தலைகளை எண்ணி, தேங்காய் உடைத்து, சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்றா? அதற்குப் பிறகு சாவியைத் திருப்பட்டும். காற்று ஏறும் அந்த இரண்டு மூன்று நிமிடத்துக்குச் சரணகோஷம் போதும். அதையும் பஸ்ஸுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு சொல்லலாம்.

தாமதமாக வருபவருக்கு ஒரு வழி உண்டு. வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்ட ஓர் இளைஞரைக் குருசாமி முன்கூட்டியே நியமித்துவிடலாம். நின்றபடி ஓடும் பெரிய இன்ஜின் மணிக்கு இரண்டு மூன்று லிட்டர் டீசல் குடிக்கும். அதில் மிச்சமாகும் பணத்தில் அந்த இளைஞருக்கு வழியில் காப்பியும் இட்லியும் வாங்கிக் கொடுக்கலாம்.