வீட்டில் தங்கிவிடும் ஓட்டு

காரைக்கால் அம்மையார் தலையால் நடந்த தலம் என்பதால், திருவாலங்காட்டுக்குள் கால் வைக்கவே சம்பந்தர் தயங்கினார் என்கிறது புராணம். அப்படிப்பட்ட ஊரில் வாழும் பழமைப் பற்றுள்ள ஜனங்களிடம் போய், கோவிலையும் சாஸ்திரத்தையும் கேலி பேசிய இயக்கத்தில் பிறந்த ஒரு கட்சிக்கு ஓட்டுக் கேட்டால் எப்படி இருக்கும்? 1967-ல் தமிழ்நாடு முழுவதும் அப்படித்தான் கேட்கப்பட்டது. கேட்டவர் ராஜாஜி. அப்போது அவருக்கு வயது 88.

இந்த ஜனங்கள் காங்கிரஸில் மனம் கசந்து போனவர்கள். 1959 ஜனவரியில் நாகபுரியில் கூடிய காங்கிரஸ் மகாசபை கூட்டுப் பண்ணை விவசாயத்துக்குத் தீர்மானம் போட்டதும், நாலு காணி வைத்திருந்தவருக்கும் அடிவயிறு கலங்கியது. வியாபாரிக்கோ எதற்கெடுத்தாலும் பர்மிட், லைசென்ஸ், கோட்டா! அந்தக் கசப்பில்தான் அதே வருஷம் ஜூனில் சுதந்திரா கட்சி பிறந்தது. தலைவர் ரங்கா. சின்னம் நட்சத்திரம்.

திருவாலங்காடு, திருத்தணிப் பகுதியோடு 1960 ஏப்ரல் 1-ந் தேதி ஆந்திராவிலிருந்து சென்னை ராஜ்யத்தில் சேர்ந்தது. 1962-ல் நடந்த பொதுத் தேர்தலில் சுதந்திரா கட்சிக்குச் சென்னை சட்டசபையில் கிடைத்தது ஆறே இடம். எல்லைக்கு அந்தப் பக்கம் சித்தூரில் அதே வருஷம் நடந்த இடைத்தேர்தலில் ரங்கா ஜெயித்துப் பார்லிமெண்டுக்குப் போனார். கசப்பு இரண்டு பக்கமும் இருந்தது. ஆனால் கசப்பு மட்டும் ஒருவரை ஓட்டுச்சாவடிக்குக் கொண்டுவந்து சேர்க்காது. ‘எவன் வந்தால் என்ன?’ என்று திண்ணையில் சாயத்தான் சொல்லும்.

1967-ல் ராஜாஜி செய்தது என்ன? கூட்டாளியை நேசிக்கும்படி அவர் யாரையும் வற்புறுத்தவில்லை. ஒரு கையால் பூணூலைப் பிடித்துக்கொண்டு மறு கையால் ஓட்டுப் போடச் சொன்னார் என்று இன்றும் பேசுகிறார்கள். உங்கள் நம்பிக்கை உங்களோடு இருக்கட்டும், இந்தச் சர்க்கார் மாறட்டும் என்பதே அதன் பொருள். வடக்கெல்லைப் போரின் தளபதி ம.பொ.சி., தி.மு.க.வோடு எத்தனையோ காலம் மல்லுக்கட்டியவர். அவரே உதயசூரியன் சின்னத்தில் தியாகராயநகரில் நின்று ஜெயித்தார். அரிசித் தட்டுப்பாடு வேறு வீட்டு வாசலிலேயே வந்து நின்றது. நூற்றுக்கு 76 பேர் ஓட்டுப் போட்டார்கள். சுதந்திராவின் ஆறு இடம் இருபதாயிற்று.

1971-ல் கதை திரும்பிவிட்டது. ராஜாஜி தம் பழைய எதிரி காமராஜருடனேயே கைகோத்தார். தலைவர்கள் கை குலுக்கினார்கள், சரி. பத்து வருஷமாகக் காமராஜரின் காங்கிரஸை எதிர்த்தே ஓட்டுப் போட்டவர் என்ன செய்வார்? அவருக்குச் சொன்ன சமாதானம் பயத்தைக் காட்டியதே தவிர, அவர் வீட்டு உலையைப் பற்றிப் பேசவில்லை. இருபது மறுபடியும் ஆறாயிற்று.

பழைய ஆதரவாளர் வீட்டைவிட்டு வரவில்லை என்று இன்றும் கட்சிகள் குறைப்படுகின்றன. கூட்டு முடிவாகும் வரை அவரை ஒரு வார்த்தை கேட்பதில்லை. முடிவான பிறகு ‘எதிரி வந்துவிடுவான்’ என்று மிரட்ட மட்டும் ஆள் அனுப்புகிறார்கள். அபேட்சகர் யார், ஜெயித்தபின் ஊர்ப் பக்கம் எட்டிப் பார்ப்பாரா, போன தடவை சொன்ன வாய்க்கால் என்னவாயிற்று? திண்ணையில் இருப்பவர் கேட்பது இவ்வளவுதான். இதற்குப் பதில் வைத்திருக்கும் உள்ளூர்க்காரர் ஒருவர் நேரில் போய் உட்கார்ந்து பேசட்டும். அவர் திட்டினாலும் கேட்டுக்கொள்ளட்டும். திட்டுகிறவர் இன்னும் கட்சியை விட்டுப் போகவில்லை. பேசாமல் கதவைச் சாத்துகிறவர்தான் போய்விட்டவர்.