கதிர்காமம் போகும் வேனிலேயே...



ஓகஸ்ட் விடுமுறை நெருங்குகிறது. படுக்கையும் அடுப்பும் பொருத்திய கேம்பர் வேன்களில் வெளிநாட்டார் ஊவா மலைகளில் ஏறி இறங்குவதை இப்போது பார்க்கிறோம். நமக்கு இது புதிதா என்ன! சட்டி பானை, அரிசி, பாய், பிள்ளை குட்டி எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு, நிழல் கண்ட இடத்தில் சமைத்துச் சாப்பிட்டு, கதிர்காமம் போய் வருகிற மக்கள் நாம். இம்முறை அதே வேனில் பழைய தேவாலயங்களையும் காட்டு யானைகளையும் பார்த்து வாருங்கள் என்பதுதான் என் ஆசை.

பதுளை புனித மாற்கு தேவாலயத்தில் தொடங்கலாம். மேஜர் தோமஸ் வில்லியம் ரோஜர்ஸ் நினைவாக எழுந்து, 1857இல் திறக்கப்பட்ட ஆலயம் அது. பதுளையின் உதவி அரசாங்க அதிபராக இருந்தவர், மலைப்பாதைகள் போட்டவர். 1845 ஜூன் 7ஆம் திகதி அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். உள்ளே அவருடைய நினைவுக் கல் இருக்கிறது. பிள்ளைகளை அதன் முன் நிறுத்தி மற்றக் கதையையும் சொல்லுங்கள். அவர் 1,400 யானைகள் வரை சுட்டு வீழ்த்தியதாகச் சொல்வார்கள். யானையைக் கொன்றால் அரசாங்கமே சன்மானம் கொடுத்த காலம். காட்டை அழித்துக் கோப்பி நட்ட காலம்.

அந்தக் கோப்பித் தோட்டங்களுக்கு நம் முன்னோர் வந்து சேர்ந்த பின், 1854இல் கண்டியில் 'தமிழ்க் கூலி மிஷன்' தொடங்கியது. பெயரே நெஞ்சில் தைக்கிறது. ஆனால் திருநெல்வேலியிலிருந்து வந்த உபதேசியார்கள் தோட்டம் தோட்டமாக நடந்து, தமிழில் பேசி, எழுத்தும் கற்பித்தார்கள். துரைமாரின் பெயர்கள் கல்லில் இருக்கின்றன. உபதேசியார்களின் பெயர்களைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

அடுத்து, அப்புத்தளையில் அடிஷம் பங்களா. 1931இல் சேர் தோமஸ் வில்லியர்ஸ் கட்டியது, இன்று பெனடிக்ட் சபைத் துறவிகளின் மடம். சனி, ஞாயிறு, போயா நாட்களில் உள்ளே விடுவார்கள். துறவிகள் செய்யும் ஜாம் வாங்கலாம். பக்கத்துத் தங்கமலைக் காட்டில் சத்தம் போடாமல் நடந்தால், இலங்கையில் மட்டுமே வாழும் பறவைகள் கண்ணில் படும்.

பிறகு பெரகலையில் இறங்கி, கொஸ்லந்தை, வெல்லவாய வழியாக உடவளவ. 1972இல் தேசிய பூங்காவான இடம். தாயை இழந்த யானைக் குட்டிகளை வளர்க்கும் நிலையத்தைப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் காட்டுங்கள். மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு தடவை பால். கதவு திறந்ததும் குட்டி ஓட்டமாக வந்து தும்பிக்கையைத் தூக்கும். புனல் வைத்த குழாயை வாயில் கொடுத்துப் பாலை ஊற்றுவார்கள். முடிந்ததும் போக மனமில்லாமல் நிற்கும், தள்ளித்தான் அனுப்ப வேண்டும். வளர்ந்ததும் காட்டில் விடுகிறார்கள்.

ஒரு வேண்டுகோள். தணமல்வில வீதியோரம் மின்வேலிக்குப் பின்னால் யானைகள் பழத்துக்குக் காத்து நிற்கும். தயவுசெய்து கொடுக்காதீர்கள். அந்தப் பழக்கம்தான் யானையை வேலிக்கு வெளியே வாகனங்களிடம் இழுக்கிறது. அதில் மனிதரும் சாகிறார்கள், யானையும் சாகிறது.

உங்கள் தோட்டத்துச் சிற்றாலயத்தில் பழைய ஞானஸ்நானப் பதிவேடோ, உபதேசியார் ஒருவரின் படமோ இருந்தால் பிரதி எடுத்து அனுப்புங்கள். பெயரோடு அச்சிடுவோம்.

அன்புடன்,
ஆசிரியர்