ஜல்லிக்கட்டும் ஜாதிப் பட்டமும்

மாட்டுப் பொங்கல் வந்துவிட்டால் திருச்சிராப்பள்ளியை அடுத்த பெரிய சூரியூருக்கு ஜனங்கள் திரள் திரளாய்ப் போகிறார்கள். 2014-ல் சுப்ரீம் கோர்ட்டு தடுத்த ஜல்லிக்கட்டை 2017 ஜனவரியில் மெரினாவிலும் மற்ற ஊர்களிலும் கூடிய வாலிபர்கள் மீட்டார்கள். 2023 மே மாதத்தில் அதே கோர்ட்டின் ஐந்து நீதிபதிகள் தமிழ்நாட்டுச் சட்டம் செல்லும் என்றார்கள். 2024-ல் மதுரை ஜில்லா கீழக்கரையில் தனி அரங்கமே திறந்தாய்விட்டது. எண் போட்ட பனியன், டாக்டர் பரிசோதனை, காரும் டிராக்டரும் பரிசு என்று பெரிய ஊர்களில் கிரிக்கெட்டுப் பந்தயத்தின் தோரணையில் நடக்கிறது. தமிழனுடைய பழைய விளையாட்டு இந்தக் கௌரவம் அடைந்ததில் நமக்கு ஆக்ஷேபணை இல்லை. மாடு முட்டி வாலிபர்கள் சாவதைப்பற்றி வேறொரு சமயம் பேசுவோம்.

நாம் கேட்பதெல்லாம், இது எந்தத் தமிழனுடைய விளையாட்டு என்பதுதான். வாடிவாசலுக்குப் பக்கத்து ஒலிபெருக்கியில் காளைக்காரரின் பேரோடு அவருடைய ஜாதிப் பட்டமும் முழங்குவதைப் பல ஊர்களில் கேட்டிருக்கிறோம். காளைக்கு ஜாதி உண்டா? முட்டும்போது அது யாருடைய பட்டத்தையாவது விசாரிக்கிறதா? முதல் மரியாதை யாருக்கு, நடத்தும் உரிமை எந்த வகுப்பாருக்கு என்ற சண்டை முற்றி, 2020-ல் அவனியாபுரத்துக்கு ஓய்வு பெற்ற ஜில்லா நீதிபதி ஒருவரைக் கோர்ட்டு அனுப்பவேண்டியதாயிற்று. மெரினாவில் “தமிழன்” என்று கூடினவர்கள் ஊருக்குத் திரும்பியதும் வகுப்பாராய்ப் பிரிந்துகொண்டார்கள் என்பதல்லாமல் இதற்கு வேறென்ன அர்த்தம்?

பறையின் கதையும் இதுவே. இன்று விளையாட்டு விழாக்களில் பறையடித்து, “நமது பண்பாடு” என்று கைதட்டுகிறோம். அதே பறையை ஊரில் பிணத்துக்கு முன்னால் அடித்தே தீரவேண்டுமென்று ஒரு வகுப்பாரைக் கட்டாயப்படுத்தினவர்களும் நாமேயல்லவா? தோல் சத்தம் இனிக்கிறது. அடிக்கிற கையைத் தொட மட்டும் கசக்கிறது.

இது புதிதல்ல. உறையூரில் பாணர் குலத்துத் திருப்பாணாழ்வார் காவிரிக்கரையில் நின்று ஸ்ரீரங்கத்து ரங்கநாதரைப் பாடினாராம். வழி விலகவில்லையென்று லோகசாரங்கர் கல்லெறிந்தாராம். பிறகு சுவாமியே உத்தரவிட, அவரைத் தோளில் சுமந்து உள்ளே கொண்டுபோனாராம். போன இடத்திலேயே பாணர் மறைந்துபோனார் என்று கதையை முடித்துவிட்டார்கள். அவர் உயிரோடு வெளியே வந்து, மறுநாள் தம் காலாலேயே நடந்து உள்ளே போனார் என்றெழுத ஒருவருக்கும் மனம் வரவில்லை!

வெள்ளைக்காரர் யோக்கியதையும் இதுதான். ஆஸ்திரேலியாவில் தொழில்முறைக் கால்பந்து சங்கத்தார் பழங்குடியினருக்கென்று தனிச் சுற்று நடத்தி, அவர்கள் சித்திரம் தீட்டிய சட்டைகளை ஆட்டக்காரர்களுக்கு மாட்டுகிறார்கள். அந்தப் பழங்குடியில் பிறந்த பெரிய ஆட்டக்காரர் ஆடம் கூட்ஸ் நிறவெறியைக் கண்டித்துப் பேசினார். 2015-ல் அவர் ஆட்டத்தைவிட்டே விலகும் வரையில் மைதானந்தோறும் கூட்டம் கூச்சலிட்டது. சங்கத்தார் மன்னிப்புக் கேட்டது 2019-ல்.

பட்டம் சொல்வது வெறும் மரியாதைக்குத்தானே என்பார்கள் சிலர். மரியாதையென்றால் எல்லோருக்கும் இருக்கட்டும். பட்டமில்லாதவனுடைய காளை வரும்போது அந்த ஒலிபெருக்கி எதைச் சொல்லும்?

ஆகையால் விழாக் கமிட்டியாரைக் கேட்டுக்கொள்கிறோம். அடுத்த பொங்கலுக்குப் பேரும் ஊரும் மட்டும் சொல்லுங்கள். யாருக்கும் முதல் மரியாதை வேண்டாம். பறையடிப்பவருக்குப் பேசிய கூலியும், மேடையில் உங்கள் பக்கத்தில் ஒரு நாற்காலியும் கொடுங்கள். வாடிவாசலுக்குப் போகும் நம் தோழர்கள், பட்டம் கூறப்பட்டால் அங்கேயே எழுந்து நின்று கண்டிக்கவேண்டும்.