தப்புச் செய்யும் உரிமை யாருக்கு?

2020இல் அமேசான் பிரைமில் வந்த இந்தித் தொடர் 'பாதாள் லோக்'. ஆய்வு மாணவர்களான எங்களுக்குள் அதைப் பற்றிய சண்டை இன்னும் ஓய்ந்தபாடில்லை. சுத்தியலால் அடித்தே கொல்லும் ஹதோடா தியாகி கொடூரனா, இல்லை வாழ்க்கை அவனை அப்படி ஆக்கிவிட்டதா? மனைவியைக் கன்னத்தில் அறைகிற இன்ஸ்பெக்டர் ஹாத்திராமை நல்லவன் என்று சொல்லலாமா? அவளும்தான் திருப்பி அறைந்துவிட்டாளே, கணக்கு நேராகிவிட்டது என்கிறார் ஒரு தோழர். (இந்தக் கணக்கை ஒரு பெண் சொல்லி நான் கேட்டதில்லை.)

அதே கொலைக் கும்பலில் தோப் சிங் என்று ஒருவன் இருக்கிறான். பஞ்சாப் கிராமத்துத் தலித் இளைஞன். அவனைப் பற்றி மட்டும் யாரும் சண்டை போடுவதில்லை.

இத்தனைக்கும் இருவரின் முன்கதையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கத்தக்கவை. சொத்துத் தகராறில் சகோதரிகள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக, தியாகி சுத்தியலை எடுக்கிறான். தன்னை அடித்து அவமானப்படுத்திய ஆதிக்கச் சாதிப் பையன்களைத் தோப் சிங் கத்தியால் வெட்டிவிட்டு ஊரைவிட்டு ஓடுகிறான். அதற்குப் பழியாக அவன் தாயைக் கூட்டு வன்கொடுமை செய்கிறார்கள். ஆனால் தியாகி என்றால் அவன் மௌனம், நாய்கள் மேல் அவனுக்குள்ள பாசம், தன் தலைவனிடம் காட்டும் விசுவாசம் என்று மணிக்கணக்காகப் பேசுகிறோம். தோப் சிங்குக்கு, 'சாதி அப்படி ஆக்கிவிட்டது' என்ற ஒரு பெருமூச்சு போதுமானதாக இருக்கிறது. தியாகி என்பதும் சாதிப் பெயர்தான். அவன் குணத்தை விளக்க அந்தச் சாதி யாருக்கும் தேவைப்படவில்லை. ரசிகர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. தொடரே தியாகிக்குக் கொடுத்த நேரத்தில் பாதியைக்கூட இவனுக்குக் கொடுக்கவில்லை. அந்தத் தாய்க்கோ வதைபடுவதைத் தவிர கதையில் வேறு வேலையே இல்லை.

தலித் பாத்திரத்தைக் குற்றவாளியாகக் காட்டியதே தவறு என்று நம் தோழர்கள் சிலர் வாதிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மாசுமருவற்ற தலித்தைக் கேட்டால், திரையில் ஒரு நல்லொழுக்கச் சான்றிதழ்தான் கிடைக்கும். பொறாமைக்காரனாக, சோம்பேறியாக, காதலில் பொய் சொல்பவனாக ஒரு தலித் வரட்டும். அந்தப் பொய்க்கும் சாதியையே காரணம் காட்டாமல் வரட்டும்.

சான்றிதழ் வேண்டுவோர் இதே தொடரின் இம்ரான் அன்சாரியைப் பார்க்கலாம். எல்லோரும் கறைபட்ட கதையில் கறையே இல்லாதவன், இந்த முஸ்லிம் போலீஸ்காரன். சக போலீஸாரின் குத்தல்களை விழுங்கிக்கொண்டு, வேலைக்கு நடுவே குடிமைப் பணித் தேர்வுக்குப் படிக்கிறான். ஹாத்திராம் கை ஓங்கினால் அது சிக்கலான பாத்திரம். அன்சாரி கை ஓங்கினால்? எழுதியவர்களுக்கே அந்தத் துணிச்சல் வரவில்லை.

2025இல் வந்த இரண்டாம் சீசனில் அவன் ஐ.பி.எஸ். அதிகாரி. பாதியிலேயே கொல்லப்படுகிறான். அவனுக்காகக் கண்கலங்கிய நண்பர்களிடம் நான் கேட்டது ஒன்றுதான்: முதல் சீசனில் விசாரணைக் கைதி ஒருவனை ஹாத்திராம் அடித்த மாதிரி இவனும் அடித்திருந்தால், இப்போது அழுதிருப்பீர்களா?