இந்த வருஷம் யார் கலக்குவார்?



குறுவட்டப் போட்டி வரப்போகிறது. சத்துணவு வரிசையில் நின்றாலும் குழாயடியில் நின்றாலும் ஒரே பேச்சுதான். "இந்த வருஷம் ஃபுட்பாலில் யாரு கலக்கப் போறா?" எல்லாரும் சொல்வது போன வருஷம் கோல் போட்ட அக்காக்கள் பெயரையும், உயரமான பிள்ளைகள் பெயரையும்தான். விளையும் பயிர் முளையிலேயே தெரியும் என்பார்கள். பயிருக்கு அது சரி. கால்பந்துக்கு எப்போதும் சரி வராது என்பது என் கருத்து.

இங்கிலாந்தில் லெஸ்டர் சிட்டி என்று ஓர் அணி. 2014-15 பிரீமியர் லீக்கில் 14ஆம் இடம். அடுத்த சீசனில் அது கோப்பை வெல்லும் என்று 1 பவுண்டு கட்டினால் 5000 பவுண்டு தருவதாகப் பந்தயக்காரர்கள் சொன்னார்கள். நடக்கவே நடக்காது என்று அர்த்தம்! ஆனால் 2016இல் 81 புள்ளிகளோடு கோப்பை அவர்களுக்கே. இரண்டாம் இடம் வந்த ஆர்சனலை விட 10 புள்ளி அதிகம்.

அந்த அணியின் ஜேமி வார்டியைப் பாருங்கள். 16 வயதில், ஆள் சிறிசாக இருக்கிறார் என்று ஒரு பெரிய கிளப் அவரை அனுப்பிவிட்டது. தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே சின்னச் சின்ன கிளப்களில் ஆடினார். 2014-15 லீக்கில் அவர் போட்டது 5 கோல். அடுத்த சீசனில் 24! அதில் தொடர்ந்து 11 ஆட்டங்களில் கோல். 5ஐப் பார்த்து 24ஐ யாரால் சொல்ல முடியும்?

இது மந்திரம் இல்லை. வேகம் அவரிடம் முன்பே இருந்தது. அணி பின்னால் நின்று தடுத்து ஆடியது. பந்து கிடைத்ததும் எதிரணித் தடுப்பாட்டக்காரர்களின் முதுகுக்குப் பின்னால் அடித்தார்கள். ஓடிப் பிடிப்பது வார்டி வேலை. ஆளுக்கு ஏற்ற இடம் கிடைத்தால்தான் திறமை வெளியே தெரியும்.

அதே அணியில் 17 கோல் போட்டவர் மஹ்ரெஸ். ஸ்டீவ் வால்ஷ் என்பவர் பிரான்ஸில் வேறொரு வீரரைப் பார்க்கப் போன இடத்தில்தான் இவரைக் கண்டுபிடித்தார். வால்ஷ் முன்பு உடற்கல்வி ஆசிரியராக இருந்தவர்! (பி.டி. சார் கவனிக்கவும்.) நடுக்களத்தில் கான்டே. அவரும் குள்ளம்தான். கோல் அதிகம் போடமாட்டார். எதிரி காலிலிருந்து பந்தைப் பறித்துக்கொண்டே இருப்பார். கோல் கணக்கை மட்டும் பார்த்தால் கான்டே கண்ணிலேயே படமாட்டார்.

ஆகவே நம் அணியைக் கணிக்க நான் பார்ப்பது மூன்று விஷயம்:

1. பந்து தன்னிடம் இல்லாதபோது அவள் என்ன செய்கிறாள்? நிற்கிறாளா, ஓடுகிறாளா?
2. பந்தை விட்டுவிட்டால் திரும்ப ஓடிப் போய்ப் பிடுங்குகிறாளா?
3. அவளுக்குப் பொருந்துகிற இடத்தில் ஒரு தடவையாவது அவளை ஆடவிட்டோமா?

மூன்றாவதுதான் முக்கியம். நம் வகுப்புகளில் சாயங்காலப் பயிற்சிக்கு வர முடியாத பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒருத்திக்கு ஐந்து மணி பஸ்ஸை விட்டால் வேறு பஸ் இல்லை. இன்னொருத்தி தம்பியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். "அவளுக்கு ஆர்வம் இல்லை" என்று நாமே தீர்ப்பு சொல்லிவிடுகிறோம். அவர்கள் ஆடி நாம் பார்த்ததே இல்லையே, பிறகு எப்படிச் சொல்வது?

எல்லாரும் வார்டி ஆகிவிட மாட்டார்கள், எனக்கும் தெரியும். போன வருஷ அக்காக்களை எடுக்கக் கூடாது என்றும் சொல்லவில்லை. பி.டி. சாரிடம் ஒரே வேண்டுகோள். பெயர்ப் பட்டியல் ஒட்டும் முன் ஒரு வாரம், பி.டி. பீரியடிலேயே ஒரு தேர்வு ஆட்டம் வையுங்கள் சார். ஒவ்வொருவரையும் இரண்டு இடத்தில் மாற்றி ஆடவிடுங்கள். பிறகு நீங்கள் யார் பெயரை எழுதினாலும் நாங்கள் கை தட்டுவோம்.

தோழிகளே, உங்கள் கணிப்பு என்ன? எழுதி அடுத்த இதழுக்குக் கொடுங்கள்.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி