விருந்தினருக்கு முதலில் கிணற்றைக் காட்டுங்கள்



ஆடி, ஆவணி பிறந்தால் எங்கள் ஒழுங்கையில் வெளிநாட்டு உறவுகளின் கலகலப்புத்தான். நல்லூர்த் திருவிழாவும் அந்த நாடுகளின் பள்ளி விடுமுறையும் சேர்ந்து வரும் காலம் அது. கனடாவிலிருந்து முதன்முறையாக வந்த என் அண்ணன் மகள், வந்த அன்றே கேட்டாள்: "மாமி, உங்களுக்கு எந்த ஆத்திலயிருந்து தண்ணி வருது?"

கேள்வியில் பிழையில்லை. கொழும்பிலிருந்து ரயிலில் களனி கங்கையையும் மகா ஓயாவையும் பார்த்துக்கொண்டு வந்த பிள்ளை. "எங்களுக்கு ஆறில்லை, கிணறுதான்" என்று சொல்லிவிட்டுச் சமையலைக் கவனிக்கப் போய்விட்டேன். அதுதான் என் தவறு.

அவள் நாளுக்கு இரண்டு முறை குளித்தாள். மோட்டார் ஓடியபடியே இருந்தது. விருந்தாளியிடம் தண்ணீரைப் பற்றிப் பேசுவது அழகல்ல என்று நான் வாய் திறக்கவில்லை. ஐந்தாம் நாள் காலைத் தேநீர் கரித்தது. பக்கத்து வீட்டு அக்காவும், "எங்கட கிணறும் உவராப் போச்சு, பிள்ளை" என்றார். வெட்கமாகிவிட்டது.

அன்று மருமகளைக் கிணற்றடிக்கு அழைத்துப்போய் நாட்டின் அமைப்பைச் சொன்னேன். இலங்கையின் நடுவே மலைநாடு. உயர்ந்த சிகரமான பீதுருதாலகால 2,524 மீற்றர். 335 கிலோமீற்றர் ஓடும் மகாவலியும் மற்றப் பெரிய ஆறுகள் பலவும் அந்த மலைகளில்தான் பிறக்கின்றன. மே முதல் செப்டெம்பர் வரை வீசும் தென்மேற்குக் காற்று, கொண்டுவந்த மழையை அங்கேயே இறக்கிவிடும். எங்களுக்கு வருவது வரண்ட சோளகம் மட்டுமே. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்வதுதான் எங்கள் மழை.

குடாநாட்டில் மலையுமில்லை, ஆண்டு முழுதும் ஓடும் ஆறுமில்லை. வழுக்கையாறும் மாரியில் மட்டுமே ஓடும். பெய்த மழை நிலத்தடிச் சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. அளவுக்கு மீறி இறைத்தால் உவர் மேலே வந்துவிடும்.

பிறகு இடங்களைச் சுற்றிக் காட்டினேன். வலிகாமத்தில் செம்மண் தோட்டங்களும் கீரிமலைக் கேணியும். வடமராட்சியில் பருத்தித்துறைக் கடலும் மணற்காட்டு மணல்மேடுகளும். எங்கள் தென்மராட்சியில் தென்னை, பலா, மா, அவை வந்து குவியும் கொடிகாமம் சந்தை. குறிகாட்டுவானில் படகேறி நெடுந்தீவுக்கும் போனோம். குதிரைகளையும் பவளக்கல் மதில்களையும் விட, ஒரு வீட்டு வாசலில் வரிசையாக இருந்த தண்ணீர்க் கான்களைத்தான் அவள் நெடுநேரம் பார்த்தாள்.

திரும்பி வந்ததும் மோட்டாரைத் தொடவில்லை. வாளியால் அள்ளி, கிணற்றடியிலேயே குளித்தாள். அந்த நீர் வாய்க்காலால் வாழைக்குப் போனது. முன்பு எல்லோருமே அப்படித்தான் குளித்தோம். குளியலறை கட்டிய பிறகு மறந்தவர்கள் நாங்கள்தானே?

2024இல் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. நல்ல காரியம். ஆனாலும் எங்கள் ஒழுங்கை இன்னும் கிணற்றைத்தான் நம்பியிருக்கிறது.

ஆகவே சகோதரிகளே, உறவுகள் வந்தால் கோயிலுக்கும் கடற்கரைக்கும் கூட்டிப்போகுமுன் கிணற்றடிக்குக் கூட்டிப்போங்கள். கூச்சப்படாமல் சொல்லுங்கள். சொன்னால் பிள்ளைகள் விளங்கிக்கொள்வார்கள். மாரி வருமுன் கூரைநீர் கிணற்றருகே நிலத்தில் இறங்க ஒரு குழியும் வெட்டிவிடுங்கள்.

அடுத்த மாதம் சந்திப்போம்.